வேறு பெயரில் புகழ்பெற்ற தட்டு: ஃபிராங்க் வில்சனின் 1965 சிங்கிள் குறித்த நிகழ்வு ஆய்வு

2020 ஜூலையில் இங்கிலாந்தில், அரிய சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வெகுமக்கள் இசைவகை) இசைத்தட்டுகளை விற்பதில் பல பத்தாண்டு அனுபவமுள்ள ஜான் மேன்ஷிப் என்ற வணிகரின் வழியாக, 7 அங்குல இசைத்தட்டு ஒன்று 1,00,000 பவுண்டுக்குக் கைமாறியது. அதன் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஓடும் ஒரு காதல் பாட்டு இருக்கிறது. மறுபக்கத்தில் இன்னொரு பாட்டு. முதற்பாட்டை இன்று எவரும் காசில்லாமல் கேட்கலாம். குறுந்தகட்டுத் தொகுப்புகளிலும் அது பலமுறை வந்துவிட்டது. ஆகவே வாங்கியவர் கொடுத்த பணம் பாட்டுக்கு அன்று, தட்டுக்கு. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஒரு பொருள் அந்த விலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. 'கிடைப்பதற்கு அரிது, அதனால் விலை ஏறியது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அதற்கு இணையாக அரிதான தட்டுகள் பழைய பொருள் கடைகளின் பெட்டிகளில் கேட்பாரற்றுக் கிடப்பதைச் சேகரிப்பாளர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள் என்பதால், அந்த விடை எனக்குப் போதவில்லை.

தட்டின் பெயர் 'டூ ஐ லவ் யூ (இன்டீட் ஐ டூ)'. பாடியவர் ஃபிராங்க் வில்சன். வெளியீட்டு நிறுவனம் மோட்டவுன். அதன் கிளை முத்திரைகளுள் (லேபிள்களுள்) ஒன்றான 'சோல்' என்பதன் கீழ், 35019 என்ற எண்ணில் 1965 டிசம்பரில் வெளிவருவதாக இருந்தது. நம் வீடுகளில் இருந்த 7 அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் ஒரு படத்தின் நான்கு பாட்டுகளைச் சுமந்தவை என்பதால், ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்ற அமெரிக்க சிங்கிளின் கணக்கை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே ஒரு பாட்டு விலைபோகுமா போகாதா என்று சோதிக்கும் கருவியாகவே சிங்கிள் இருந்தது. சோதனையில் தோற்ற பாட்டு பெரும்பாலும் மறக்கப்பட்டது. பல நேரங்களில் பாடகரின் தொழிலே அதோடு முடிந்தது.

ஓர் அலுவலக முடிவு

பெரி கோர்டி 1959இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய மோட்டவுன், 1965 அளவில் அமெரிக்காவின் வெற்றிகரமான சிங்கிள் நிறுவனங்களுள் ஒன்றாகிவிட்டிருந்தது. டாம்லா, மோட்டவுன், கோர்டி, சோல், வி.ஐ.பி. என அது பல முத்திரைகளை வைத்திருந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: ஒரே முத்திரையின் தட்டுகளை அடுத்தடுத்து ஒலிபரப்ப வானொலி நிலையங்கள் தயங்கின, பெயர் வேறாக இருந்தால் அந்தத் தயக்கம் குறைந்தது. தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் காகிதத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது, கேட்பவரின் காதைவிட இசைத்தட்டு வணிகத்தை அதிகமாக ஆட்டிவைக்கும் என்பதற்கு இது முதற்சான்று. இந்த நிகழ்வில் அது திரும்பத் திரும்ப வரும்.

வில்சன் 1940இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் மோட்டவுன் அமைத்த மேற்குக் கரை அலுவலகத்தை நடத்திவந்த ஹால் டேவிஸ், மார்க் கோர்டன் ஆகியோரிடம் பாடலாசிரியராகவும் தயாரிப்பு உதவியாகவும் வேலை பார்த்தார். இந்தச் சிங்கிளையும் அவ்விருவருமே தயாரித்தார்கள். நான்கு அடியையும் சமமாக அறையும் வேகத் தாளம், பித்தளைக் கருவிகள், நரம்புக் கருவிகள், பின்னணியில் பெண் குரல்கள் என அந்நாளைய மோட்டவுன் இலக்கணத்தை ஒரு பிசகும் இல்லாமல் பின்பற்றிய பதிவு அது. வில்சனின் குரலில் தேர்ந்த பாடகரின் மெருகு இல்லை; ஆனால் மகிழ்ச்சியை அடக்கமாட்டாத ஓர் அவசரம் இருக்கிறது. என் கணிப்பில், பின்னாளில் ஆடுகளத்தைப் பிடித்துக்கொண்டது அந்த அவசரம்தான். இதே இசைப்பின்னணியின் மேல் கிறிஸ் கிளார்க் பாடிய இன்னொரு பதிவும் மோட்டவுனின் பெட்டகத்தில் இருந்து பிற்காலத்தில் வெளிவந்தது. அவர் வில்சனைவிடப் பயிற்சி பெற்ற பாடகி. இருந்தும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் வில்சன் பக்கமே சாய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வழக்கப்படி முதலில் டெமோ தட்டுகள் அச்சிடப்பட்டன. வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இலவசமாக அனுப்பப்படும் இந்த முன்னோட்டப் பிரதிகள் ஏறத்தாழ 250 என்பது சேகரிப்பாளர்களிடையே நிலைத்துவிட்ட எண்ணிக்கை. அவை முறையாக வெளியே போகும் முன்பே வெளியீடு நிறுத்தப்பட்டது. பாடகராக இருக்க விரும்புகிறாயா, தயாரிப்பாளராக இருக்க விரும்புகிறாயா என்று கோர்டி தம்மிடம் கேட்டதாகவும், தாம் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததாகவும் வில்சன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். விற்பனைப் பிரதிகள் அச்சாகவே இல்லை. டெமோ பிரதிகளும் அழிக்கப்பட்டன.

இந்தக் கட்டத்தை ஒரு கலைஞனுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வில்சன் தேர்ந்தெடுத்த பாதை அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று பார்த்தால், அவருடைய கணக்கு சரியாகவே இருந்தது. பிரெண்டா ஹாலோவே 1967இல் பாடிய 'யூவ் மேட் மீ ஸோ வெரி ஹாப்பி' பாட்டை எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1969இல் பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழு அதை அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை கொண்டுசென்றது. 1970இல் டயானா ராஸ் விலகிய பின் சுப்ரீம்ஸ் குழுவை நிலைநிறுத்திய 'அப் தி லேடர் டு தி ரூஃப்', 'ஸ்டோன்ட் லவ்' ஆகியவை அவர் தயாரிப்புகள். 1973இல் எடி கென்ட்ரிக்ஸுக்கு முதலிடம் பெற்றுத் தந்த 'கீப் ஆன் டிரக்கின்' பாட்டிலும் அவர் கை உண்டு. 1965இல் ஒரு சிங்கிள் நின்றுபோனதை அவர் பெரிதாக நினைத்திருக்கக் காரணமில்லை. அந்தச் சிறிய அலுவலக முடிவின் விளைவு வேறொரு நாட்டில், வேறொரு தலைமுறையிடம் முளைத்தது.

தோற்ற தட்டுகளுக்கான ஊர்

1960களின் இறுதியில் இங்கிலாந்தின் வடக்கு, மத்தியப் பகுதிகளின் தொழில் நகரங்களில், விடிய விடிய நடனமாடும் கூட்டங்கள் உருவாகியிருந்தன. லண்டனின் ரசனை தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையை நோக்கி நகர்ந்துவிட்ட பின்னரும் இந்த நகரங்களின் இளைஞர்கள் 1960களின் நடுப்பகுதிக்குரிய வேகமான சோல் பாட்டுகளையே கேட்டார்கள். லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் காடின், வடக்கிலிருந்து வரும் கால்பந்து ரசிகர்கள் எந்த வகைத் தட்டுகளைத் தேடுகிறார்கள் என்று கடை ஊழியர்களுக்குப் புரியவைப்பதற்காக 'நார்தர்ன் சோல்' என்ற சொல்லை உருவாக்கினார். 1970இல் தம் பத்திரிகைப் பத்தியில் அதை அச்சிலும் ஏற்றினார். மான்செஸ்டரின் டுவிஸ்டட் வீல் நடன அரங்கு 1971இல் மூடப்பட்டது. பின்னர் ஸ்டோக் நகரின் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா எனக் களம் நகர்ந்து, 1973 செப்டம்பரில் தொடங்கிய விகன் கேசினோ என்ற நடன அரங்கில் பெருங்கூட்டமாக நிலைகொண்டது. ஆலையில் வாரம் முழுதும் உழைத்தவர்கள் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி உள்ளே நுழைந்து ஞாயிறு காலை எட்டு மணிக்கு வெளியே வந்தார்கள். சுழன்று ஆடக் கால் வழுக்க வேண்டும் என்று மரத்தளத்தில் டால்கம் பவுடர் தூவிக்கொண்டார்கள். மது கிடையாது.

இந்தக் களத்தின் பொருளாதாரம் விசித்திரமானது. எல்லோருக்கும் தெரிந்த வெற்றிப் பாட்டுக்கு அங்கே மதிப்பில்லை. டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் சிறு நிறுவனங்கள் மோட்டவுனைப் பார்த்துச் செய்து, விற்காமல் கிடங்கில் போட்டுவிட்ட தட்டுகளுக்கே மதிப்பு. பாட்டு வேகமாக இருக்க வேண்டும், அதை வேறு எந்த டி.ஜே.யும் வைத்திருக்கக் கூடாது. மையாமி போன்ற நகரங்களின் பழைய தட்டுக் குவியல்களை நாட்கணக்கில் கிளறிய பிரிட்டிஷ் தேடுநர்களால் இந்தத் தேவை சில ஆண்டுகள் நிறைவேறியது. ஆனால் 1964 முதல் 1967 வரை வெளியான தட்டுகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. 1970களின் நடுவில் நல்லவை பெரும்பாலும் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டன. பிளாக்பூல் மெக்காவின் டி.ஜே. இயன் லெவின் புதிய 1970களின் தட்டுகளை ஒலிக்கத் தொடங்கியதும், பழைய வேகத் தாளத்தை விடாத விகன் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் இடையே கடும் பிளவு ஏற்பட்டது. இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம், வில்சனின் தட்டு வெளிப்பட்ட காலத்தைப் புரிந்துகொள்ளாமல் அதன் விலையைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே. இனி ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோரும் எண்ணத் தொடங்கிய நேரத்தில், எவருமே கேட்டிராத 1965ஆம் ஆண்டு மோட்டவுன் பாட்டு ஒன்று, அதுவும் அந்தக் கூட்டத்தின் இலக்கணத்துக்கு அளந்து தைத்ததுபோல், வந்து விழுந்தது.

எடி ஃபாஸ்டர் என்ற முகமூடி

மோட்டவுனின் சொந்தக் காப்பகத்தில் தப்பியிருந்த ஒரு பிரதி 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஒரு தட்டு வணிகரின் கைக்கு வந்தது. அவர் அதைப் பிரிட்டனுக்குள் அறிமுகப்படுத்தியபோது வில்சனின் பெயர் வெளியே வரவில்லை. விகன் கேசினோவின் டி.ஜே. ரஸ் வின்ஸ்டன்லி அந்தப் பாட்டை 'எடி ஃபாஸ்டர்' பாடியதாக ஒலித்தார். அதே பெயரில் அனுமதியற்ற பதிப்பும் அச்சாகி விற்றது.

இத்தகைய மறைப்பை அந்த வட்டாரத்தில் 'கவர்-அப்' என்பார்கள். தட்டின் முத்திரையின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகர் பெயரையும் பாட்டின் பெயரையும் மாற்றி அறிவித்துவிட்டால், போட்டி டி.ஜே.க்கள் அதே தட்டைத் தேடிப் பிடிக்க முடியாது. கற்பனைப் பெயர் வெகு அபத்தமாக இருந்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் திறமையான கவர்-அப் எப்போதும் நம்பத்தக்க பெயராக இருக்கும். எடி ஃபாஸ்டர் உண்மையாகவே இருந்த பாடகர். அவருடைய 'ஐ நெவர் நியூ' ஏற்கெனவே அந்த ஆடுகளங்களில் அறிமுகமான பாட்டு. அவருடைய இன்னொரு தட்டு கிடைத்திருக்கிறது என்றால் யார் சந்தேகப்படுவார்? தேடியவர்கள் அனைவரும் ஃபாஸ்டரின் தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மோட்டவுன் பக்கம் எவரும் திரும்பவில்லை.

மறைக்கும் உத்தி இங்கிலாந்தில் பிறந்ததும் அன்று. 1950களில் ஜமைக்காவின் தெரு ஒலிபெருக்கிக் கூட்டங்களை நடத்தியவர்கள் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளின் முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்களுக்குப் பிடித்த பெயரைச் சூட்டினார்கள். அவர்களுள் ஒருவரான கிளெமென்ட் டாட் இவ்வாறு மறைத்த ஒரு கருவியிசைத் தட்டை அவருடைய போட்டியாளர் டியூக் ரீட் கடைசியில் கண்டுபிடித்து, அவர் முன்னிலையிலேயே ஒலித்துக் காட்டிய கதை ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் இன்றும் சொல்லப்படுகிறது. இரண்டு ஊர்களிலும் ஒரே நெருக்கடிதான்: தனக்கு மட்டுமே கிடைத்த தட்டால் ஒருவரின் கூட்டம் பெருகும், அந்தத் தட்டின் பெயர் தெரிந்த மறுநாள் அது எல்லோரிடமும் இருக்கும்.

இந்த நிகழ்வில் நான் முதன்மையாகக் கருதுவது இந்த முகமூடியைத்தான். அழிக்கப்பட்டதால் தட்டு அரிதாயிற்று என்பது உண்மை. ஆனால் அரிதான பொருள் எதற்கும் ஆசைப்படுபவர் இல்லாவிட்டால் விலை இல்லை. பொய்ப்பெயர்தான் அந்த ஆசையை வளர்த்தது. முதன்முறையே உண்மைப் பெயரோடு ஒலித்திருந்தால், பிரிட்டனில் மோட்டவுனின் உரிமம் பெற்றிருந்த நிறுவனம் உடனே மறுபதிப்பு கொண்டுவந்திருக்கும்; பாட்டு ஒரு பருவம் ஆடப்பட்டு வழக்கமான தொகுப்புத் தட்டுகளுக்குள் போயிருக்கும். மறைவாக இருந்த மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அதற்கு ஆடினார்கள். அதன் அசல் அவர்களுள் எவரிடமும் இல்லை. பின்னர் உண்மை வெளிப்பட்டபோது, பாட்டோடு சேர்த்து ஒரு மர்மக்கதையும் கிடைத்தது. மோட்டவுனின் பதிவு ஒன்று மோட்டவுன் பைத்தியங்களின் காதுக்கு நேரே வேறு பெயரில் ஒலித்திருக்கிறது என்பது அவர்களுக்குச் சற்று வெட்கத்தையும் மிகுந்த மகிழ்ச்சியையும் ஒருசேரக் கொடுத்தது.

1979இல் பிரிட்டனின் டாம்லா மோட்டவுன் முத்திரை, டி.எம்.ஜி. 1170 என்ற எண்ணில், வில்சனின் உண்மைப் பெயரோடு அதை வெளியிட்டது. இன்று பாட்டை வினைல் வடிவில் கேட்க விரும்புபவர் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

கையிலிருந்து கைக்கு

காப்பகத்திலிருந்து வந்த முதற்பிரதி பிரிட்டனுக்கு வந்து சில டி.ஜே.க்கள், சேகரிப்பாளர்கள் கைகளில் மாறிமாறிப் போனது. 1990களை ஒட்டி வட அமெரிக்காவில் இரண்டாவது பிரதி கிடைத்தது. வெளிச்சத்துக்கு வந்து கைமாறியவை இவ்விரண்டுமே என்பது நெடுங்காலம் சேகரிப்பாளர்களின் கணக்காக இருந்தது. 1990களில் ஒரு பிரதி 15,000 பவுண்டுக்கு விற்றபோது அது நம்ப முடியாத தொகையாகப் பேசப்பட்டது. 2009இல் மேன்ஷிப்பின் ஏலத்தில் 25,742 பவுண்டு. 2020இல் 1,00,000. விகன் கேசினோ 1981 டிசம்பரில் மூடப்பட்டு, அங்கே ஆடியவர்கள் ஐம்பதையும் அறுபதையும் தாண்டி, அவர்களுள் சிலர் கையில் பணம் சேர்ந்த காலம் இது என்பதை இந்த விலை வரிசையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பதினெட்டு வயதில் பேருந்துக் கட்டணத்துக்கு யோசித்தவர்கள்தாம் ஏலத்தில் போட்டியிட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டு உதவும். டேரல் பேங்க்ஸ் 1966இல் பாடிய 'ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் ரெவிலாட் நிறுவனத்தின் வெற்றிப் பாட்டு. பிரிட்டிஷ் உரிமம் தங்களுடையது என்று இரு நிறுவனங்கள் நினைத்தன. லண்டன் முத்திரையில் டெக்கா வெளியிட முனைந்த பதிப்பு நிறுத்தப்பட்டு, ஈ.எம்.ஐ.யின் ஸ்டேட்சைடு முத்திரையில் வந்தது. ஸ்டேட்சைடு தட்டு எளிதாகக் கிடைக்கும். லண்டன் முத்திரையில் விற்பனைப் பிரதி ஒன்று வெளிப்பட்டபோது, 2014இல் அது 14,543 பவுண்டுக்கு விற்றது. பாட்டு ஒன்றே, பதிவும் ஒன்றே. மாறியது நடுவில் இருக்கும் காகிதம் மட்டும். வில்சனின் தட்டை விரும்பியவர்கள் பாட்டின் மேல் கொண்ட காதலாலேயே விலை கொடுத்தார்கள் என்று வாதாடுபவர்களிடம் நான் இந்தத் தட்டைக் காட்டுவது வழக்கம். ஆனால் மறுமுனையிலிருந்தும் இதைப் பார்க்கலாம்: அதே அளவு அரிதான தட்டாக இருந்தும் விலை ஏழில் ஒரு பங்கில் நிற்கிறது. லண்டன் முத்திரை ஒரு வணிகத் தகராற்றின் எச்சம்; அதற்காக எவரும் விடிய விடிய ஆடவில்லை.

அசலை அறிதல்

இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் போலி இல்லாமல் இராது. சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது பாட்டு முடிந்து முத்திரை தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தை. அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண், அச்சுக்குப் பயன்பட்ட உலோகத் தகடு எந்த அசல் வெட்டிலிருந்து (ஒலியை முதலில் செதுக்கிய தட்டிலிருந்து) வந்தது என்பதைச் சொல்லும். தொழிற்சாலை இயந்திரத்தால் குத்தியிருக்க வேண்டிய இடத்தில் கையால் கீறிய எழுத்து இருந்தால் எச்சரிக்கை தேவை. எனினும் அசல்களிலும் கையெழுத்து எண்கள் உண்டு என்பதால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது பொருள். 1960களின் அமெரிக்க சிங்கிள்களில் ஒரு பகுதி வினைலில் அழுத்தப்பட்டவை, இன்னொரு பகுதி ஸ்டைரீன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்திச் செய்தவை. வினைல் தட்டில் காகித முத்திரை அழுத்தும்போதே உடலோடு கலந்துவிடும். ஸ்டைரீன் தட்டில் பிறகு ஒட்டப்பட்டிருக்கும். விரலால் மெல்லத் தட்டினால் ஸ்டைரீன் கலகலவென்று ஒலிக்கும். ஒரு தொழிற்சாலை எந்தப் பொருளில் அச்சிட்டது என்று தெரிந்திருந்தால், தவறான பொருளில் வந்த 'அசல்' அந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

மூன்றாவது சோதனைக்குக் காது வேண்டும். அனுமதியற்ற பதிப்புகள் பெரும்பாலும் மூல ஒலிநாடாவிலிருந்து அல்லாமல் இன்னொரு தட்டை ஓடவிட்டு எடுக்கப்பட்டவை. மூலத்தட்டில் இருந்த கீறலின் ஒலி நகலின் எல்லாப் பிரதிகளிலும் அதே நொடியில் கேட்கும். மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்க, உள்ளே 'டிக்' என்று ஓர் ஒலி வரும். கீறலே இல்லாத இடத்தில் கீறல் ஒலி கேட்டால் அங்கேயே பேரத்தைக் கைவிட வேண்டும்.

பாடியவரின் பங்கு

பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கோ எழுதியவருக்கோ சட்டப்படி எதுவும் போவதில்லை. பிரிட்டனில் 2006 முதல் ஓவியம், சிற்பம் போன்றவை கலைப்பொருள் வணிகர் வழியாக மறுவிற்பனையாகும்போது கலைஞருக்கு ஒரு பங்கு கிடைக்கும் உரிமை நடைமுறையில் உள்ளது. இசைத்தட்டு அந்தச் சட்டத்துக்குள் வராது. ஓவியத்தைப்போலவே ஒற்றைப் பொருளாக ஏலம் போகும் தட்டுக்கு, ஆயிரக்கணக்கில் அச்சாகும் சரக்குக்குரிய சட்டமே பொருந்துகிறது. வில்சனுக்கு மறுபதிப்புகளிலிருந்து உரிமத்தொகை வந்திருக்கலாமே தவிர, ஏலத் தொகைகளில் ஒரு பென்னிகூட வர வழியில்லை.

அவர் 1970களின் நடுவில் மோட்டவுனை விட்டு வெளியேறிக் கிறித்தவ ஊழியத்துக்குச் சென்றார். தாம் இருபத்தைந்தாவது வயதில் பாடி மறந்துவிட்ட ஒரு பாட்டால் கடலுக்கு அப்பால் தம் பெயர் பரவியிருப்பதை அவர் வாழ்நாளிலேயே அறிந்தார். 2012 செப்டம்பர் 27 அன்று காலமானார்; 25,742 பவுண்டு விற்பனை நடந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன, 1,00,000 பவுண்டு விற்பனைக்கு இன்னும் எட்டாண்டுகள் இருந்தன.